கருப்பன் காலைக் கழுவிய தண்ணீர்

இந்த நினைவு மலரை அச்சடிக்கிற தம்பி, அக்காவின் படத்துக்குக் கீழே போட ஒரு வரியைத் தயாராகவே வைத்திருந்தார். "அண்ணே, எல்லாருக்கும் இதுதான்ணே போடுறது. 'இறைவனடி சேர்ந்தார்'. படத்துக்குக் கீழ அம்சமா இருக்கும்" என்றார். நான் அந்தத் தாளை வாங்கி நாலாகக் கிழித்து அவர் மேசை மேலேயே போட்டேன். பாவம், மிரண்டுபோனார். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த வரி ஏன் எங்கள் அக்காவுக்கு ஆகாது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இதைப் படிக்கிற உங்களுக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தோட்டத்து மக்களே, எல்லாருக்கும் வணக்கம். நான் ஜீப்பு ஓட்டுகிறவன். விடியலில் போடியில் ஆள் ஏற்றி, போடிமெட்டு தாண்டி ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருகிறவன். எழுதிப் பழக்கமில்லை. கோபக்காரன் என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் என் கையால் வாங்கியே இருக்கிறீர்கள். பெரியப்பா, "அக்காளைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதுப்பா, போதும்" என்றார். நல்லதும் வரும். உங்களில் ஒருவருக்குமே தெரியாத ஒன்றும் வரும். அது வர வேண்டிய இடத்தில் வரட்டும்.

அக்கா பிறந்தது சிலமலைக்குப் போகும் வழியில் இருக்கிற எங்கள் ஓடைத்தெருவில். ஏலமலைச் சரிவிலிருந்து இறங்கி வரும் ஓடையின் கரையில் இரண்டு வரிசை வீடுகள், நடுவில் கருப்பசாமி கோயில், அவ்வளவுதான் தெரு. வருசத்தில் பத்து மாதம் அந்த ஓடையில் ஆடுதான் மேயும். அப்பாவும் ஜீப்புதான் ஓட்டினார். குடித்தால் அடிப்பார், குடிக்காவிட்டாலும் அடிப்பார். அக்காவுக்குப் பதினாலு வயதும் எனக்கு ஒன்பதும் ஆனபோது கொண்டை ஊசி வளைவு ஒன்றில் ஜீப்போடு கீழே போனார். ஜீப்பு சுக்குநூறாகிவிட்டது. அவருடைய அடிக்கிற கை மட்டும் எனக்கு வந்து சேர்ந்தது.

எங்கள் தாயாரை நாங்கள் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஆத்தா ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கி எங்களை வளர்த்தது. நான் படிப்பை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அக்கா விடவில்லை. மதுரையில் பொறியியல் படித்து அரசுத் துறையில் பொறியாளராக வந்து சேர்ந்தார். ஓடைகள், பாலங்கள், மதகுகள் எல்லாம் அவர் பொறுப்பு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துக்கிட்டேதான் இருக்காங்க, ஓடையைத் தாண்டத்தான் பாலம் இல்ல" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு சத்தமான சிரிப்பு. அதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அக்காவின் சோலி என்னவென்று கடைசி வரை பலருக்குப் புரியவில்லை. ஓர் ஓடையில் ஆகப் பெரிய வெள்ளம் வந்தால், அது உச்சத்தில் ஓடும்போது நொடிக்கு எத்தனை கன அடி தண்ணீர் போகும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் பாலத்துக்கு அடியில் தண்ணீர் போக எத்தனை கண் வேண்டும், எவ்வளவு உயரம் வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். எண் குறைந்தால் பாலம் அடைத்துக்கொள்ளும். "தண்ணி வர்றதுக்கு முன்னாடியே தண்ணியை அளக்கணும்டா, அதான் என் பொழப்பு" என்பார் அக்கா. நான், "வராத ஆளுக்கு டிக்கெட் போடுற மாதிரியா?" என்று கேட்டேன். "ஆமாடா, வந்தா வண்டி தாங்கணும்ல?" என்றார்.

அலுவலகத்தில் இதற்கென்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. மழை விழுந்து ஓடைக்கு வந்து சேர்கிற மொத்தப் பரப்பை எடுத்து, அந்த வட்டாரத்துக்கென்று எழுதி வைத்திருக்கும் ஓர் எண்ணோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் வெள்ளத்தின் அளவு வந்துவிடும். அக்காவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. பரப்பைப் பார்க்கிற சூத்திரம் செங்குத்தைப் பார்க்காது, காடு அழிந்து வெறும் மண் கிடக்கிறதா என்று பார்க்காது. மழை மானி போடியில் சமதரையில் இருக்கிறது. மழையோ மேலே முகட்டில் கொட்டுகிறது. அதனால் எங்கள் ஓடைக்குப் பாலம் வருகிறது என்றதும், சூத்திரத்தை மட்டும் நம்பாமல், கண்ணால் பார்த்தவர்களிடமும் கேட்டுச் சரிபார்க்கக் கிளம்பினார்.

நாங்கள் பிறப்பதற்கு முன்னால் ஓடையில் ஒரு பெருவெள்ளம் வந்து போயிருக்கிறது. அதைப் பார்த்த பெரியவர்கள் தெருவில் இருந்தார்கள். அக்கா முதலில் போனது பூசாரி மாமாவிடம். அவர் கருப்பசாமி கோயில் பூசாரி, ஆத்தாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

"மாமா, அந்த வெள்ளத்துல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?"

"கருப்பன் காலைக் கழுவிட்டுப் போயிருச்சு தாயி. அதுக்கு மேல ஏறுமா? ஏறத் துணியுமா?"

எங்கள் கருப்பன் நெஞ்சளவு உயரப் பீடத்தில் நிற்கிறவர். ஆளுக்கு மேலான உயரம், முறுக்கிய மீசை, ஓங்கிய கையில் அரிவாள். அக்கா வீடு வீடாகக் கேட்டார். எல்லாரும் சொல்லி வைத்தது போல அதையே சொன்னார்கள்: கருப்பன் காலைக் கழுவிவிட்டுப் போனது. அக்கா டேப்பைப் பிடித்துக் கருப்பனின் கால் உயரத்தை அளந்தார். ஓடையின் அகலம், தரையின் சரிவு, படுகையில் கிடக்கும் கல் முரடு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். பழைய சூத்திரம் சொன்ன எண்ணும் இதுவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தன. இரண்டு சாட்சியும் ஒத்துப்போனதும் அக்காவின் சந்தேகம் போய்விட்டது. கையெழுத்துப் போட்டார். ஒற்றைக் கண் பாலம் வந்தது. திறப்பு விழாவில் ஆத்தா பாலத்தின் நடுவில் நின்று சூடம் கொளுத்தியது.

அந்தப் பாலம் இரண்டு ஐப்பசிதான் தாங்கியது. மூன்றாம் ஐப்பசியில் ஒரு மத்தியானம் நான் மலையிலிருந்து வெற்று ஜீப்போடு இறங்கிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ரோட்டின் குறுக்கே அருவி விழுந்தது. கீழே தெருவுக்கு வந்தபோது ஓடையில் தண்ணீரைக் காணோம். சேறும் மரமும் கல்லும்தான் வந்தன. ஏலச்செடிகள் தூரோடு பிடுங்கி வந்தன. பலா மரம் ஒன்று வேர் மேலாக, கிளை கீழாக வந்து பாலத்தின் கண்ணில் சொருகியது. அதன்மேல் இன்னொன்று. பாறைகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்கிற சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. கண் அடைத்தது. போக வழியில்லாத தண்ணீர் திரும்பி எங்கள் தெருவுக்குள் பாய்ந்தது.

அக்கா அலுவலகத்திலிருந்து ஓடி வந்திருந்தார். இருவரும் ஆட்களை இழுத்து ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியில் ஏற்றினோம். ஆத்தாவையும் ஏற்றிவிட்டோம். அது கட்டிப்போட்ட ஆட்டை நினைத்துக்கொண்டு எங்கள் கண்ணுக்குத் தப்பிப் படி இறங்கிவிட்டது. எங்கள் வீட்டுச் சுவர் சரிந்ததை நாங்கள் இருவரும் மாடியிலிருந்து பார்த்தோம். ஆத்தாவின் கை ஒரு முறை மேலே வந்தது. நான் குதிக்கப் போனேன். அக்கா என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நான் அவர் கையைக் கடித்தேன், அப்போதும் விடவில்லை. எங்கள் கண் முன்னால் கருப்பனின் கால் முங்கியது, இடுப்பு முங்கியது, மீசை முங்கியது. கடைசியில் அரிவாளின் நுனி மட்டும் தெரிந்தது. மாடியில் நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தோம். பூசாரி மாமாவும் பார்த்தார்.

மறுநாள் பாலத்துக்குள் ஆத்தா கிடைத்தது. பலா வேரில் முடி சிக்கியிருந்தது. அக்காதான் இறங்கி வேரை வெட்டினார்.

இனி நான் சொல்லப்போவதுதான் உங்களுக்குத் தெரியாதது. ஆத்தாவை வாசலில் கிடத்தியிருந்தோம். அப்போது ஓர் அதிகாரி விசாரணைக்கு வந்து, பூசாரி மாமாவிடம் "தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு பெரியவரே?" என்று கேட்டார். பூசாரி மாமா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணீரோடு சொன்னார்: "கருப்பன் காலைக் கழுவிட்டுப் போயிருச்சு சார்."

அக்கா சிரித்தார். ஆத்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் முன்னால் சொன்ன அந்தச் சத்தமான சிரிப்பைச் சிரித்தார். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நான் அக்காவின் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். இடிந்த மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் யாரும் இல்லை. "உன் கணக்குதான்டி ஆத்தாளைக் கொன்னுச்சு, அதுக்குச் சிரிப்பு வேறயா?" என்று அறைந்தேன். எங்கள் அப்பா அறைகிற மாதிரி, வலது கையை முழுசாக வீசி, இடது காதோடு சேர்த்து அறைந்தேன். ஒரு முறை அல்ல. காதிலிருந்து ரத்தம் வந்து கழுத்தில் இறங்கியது.

அக்கா அழவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, "ஆமாடா. அளந்தது நான்தான். ஆனா எதை அளந்தேன்னு இப்பத்தான்டா தெரியுது. எல்லாரும் பாத்தோம்ல? பாத்துட்டும் காலுங்கிறாரு பாரு" என்றார். எனக்கு அன்று அது பைத்தியக்காரப் பேச்சாகத்தான் பட்டது. பிறகு காதைப் பற்றிக் கேட்ட எல்லாரிடமும், டாக்டரிடமும்கூட, "வெள்ளத்துல காதுக்குள்ள தண்ணி புகுந்துருச்சு" என்றார். நீங்கள் எல்லாரும் இன்று வரை அப்படித்தான் நம்புகிறீர்கள். அந்தக் காது திரும்பக் கேட்கவே இல்லை.

அக்காவுக்கு அன்று புரிந்தது எனக்குப் புரிய வருசங்கள் ஆயின. நம் ஊரில் விளக்கை அணை என்று யாராவது சொல்கிறோமா? குளிர வை என்போம். வீட்டை விட்டுக் கிளம்பும்போது போறேன் என்று சொல்லாமல் போயிட்டு வர்றேன் என்போம். அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கா என்போம். அப்படிப்பட்ட வாயில் கருப்பன் முங்கிப்போனார் என்று வருமா? வெள்ளம் கணுக்காலுக்கு வந்தாலும் சரி, தலைக்கு மேல் போனாலும் சரி, எங்கள் தெருவுக்கு அது கருப்பன் காலைக் கழுவிவிட்டுப் போன தண்ணீர்தான். அது பொய் இல்லை, மரியாதை. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த அக்கா அந்த மரியாதைக்கு டேப்பைப் பிடித்து அளந்துவிட்டார். வேறு ஊர்க்காரராக இருந்திருந்தால் ஒருவேளை சந்தேகப்பட்டிருப்பார்.

அதற்குப் பிறகு நானும் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. அவர் போடியில் ஒரு அறை எடுத்துத் தங்கினார். நான் தெருவிலேயே வீட்டைத் திரும்பக் கட்டினேன். உடைந்த பாலத்துக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஒரு தரைப்பாலம் போட்டார்கள். அக்கா செய்ததை எல்லாம் என் ஜீப்பில் வருகிறவர்கள் வாயால்தான் கேட்டேன்.

மறுபடியும் வீடு வீடாகப் போனாராம். பாலம் அடைத்து ஏறிய தண்ணீரை வைத்து ஓடையின் பலத்தைச் சொல்ல முடியாது என்பதால், அந்தப் பழைய வெள்ளத்தைப் பற்றியே திரும்பக் கேட்டாராம். ஆனால் இந்த முறை கருப்பனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பெரியம்மா, அன்னைக்கு உங்க வீட்டு உரல் நனைஞ்சுச்சா? மாடக்குழியில வெளக்கு இருந்துச்சே, அது மிதந்துச்சா? எரவாணத்துல சொருகியிருந்த பன்னருவா?" என்று கேட்டாராம். பெரியம்மா, "பன்னருவாவா? அதையும் சேத்து அள்ளிட்டுப் போயிருச்சேடி, இன்னும் கெடைக்கல!" என்று முந்தானையை உதறினாராம். தன் வீட்டுச் சாமானைப் பற்றி யாரும் மரியாதைக்காகக் குறைத்துச் சொல்லவில்லை. அக்கா ஒவ்வொரு மாடக்குழியையும் கூரை விளிம்பான எரவாணத்தையும் அளந்து எழுதினார். தண்ணீரின் உயரம் இரண்டு மடங்கானால் வெள்ளம் இரண்டு மடங்கு ஆகாது, மூன்று மடங்கையும் தாண்டும் என்று டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாராம். முதலில் போட்ட எண் எவ்வளவு குறைச்சல் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதோடு நிற்கவில்லை. முகட்டில் உள்ள தோட்டங்களில் நேரான சுவர் கொண்ட தகர டின்களைப் பதித்து, அதில் விழுகிற மழையைக் கோலால் அளந்து எழுத ஆரம்பித்தார். ஒரு தோட்டத்தின் மலையாளத்து சூப்பர்வைசர் ஒருவர் இதற்குத் துணையாக இருந்தார். மேலே விழுந்த மழை எங்கள் தெருவுக்கு வந்து சேர இரண்டரை மணி நேரம் என்று கண்டுபிடித்தது அந்த டின்களால்தான். என் ஜீப்பில் வந்த பெண்கள், "உங்க அக்காளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுப்பா, மழையில நனைஞ்சுக்கிட்டு டின்னை எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிது" என்று சிரிப்பார்கள். நான் கியரை மாற்றுவேன்.

பிறகு ஒருநாள் அக்கா சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு தெருவுக்குள் வந்தார். பெருவெள்ளம் வந்தால் இதுவரை ஏறும் என்று வீட்டுச் சுவர்களில் கோடு போட்டார். என் வீட்டில் ஜன்னலுக்கு மேலே போட்டார். கோயில் தூணில் கருப்பனின் ஓங்கிய கை மணிக்கட்டு உயரத்தில் போட்டார். மூன்று கண் பாலம் வேண்டும், கரையோரப் பன்னிரண்டு வீடுகளும் கோயிலும் இடம் மாற வேண்டும் என்றார். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்த தெரு, கோயில் தூணில் கோட்டைப் பார்த்ததும் வெடித்தது. சாணித் தண்ணீரை ஊற்றினார்கள். அவருடைய அளவுகோலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார்கள். "சாமிய முங்கடிக்க வந்தியாடி? ஆத்தாளத் தின்னது பத்தாதா?" என்று கத்திக்கொண்டே ஒருவன் கல்லை எறிந்தான். நெற்றி பிளந்தது. நான் என் வாசலில்தான் நின்றேன். கல் எறியவில்லை, எறிந்தவன் கையைப் பிடிக்கவும் இல்லை. கூட்டம் கலைந்ததும் மண்வெட்டியை எடுத்து என் சுவரில் இருந்த சிவப்புக் கோட்டைக் காரையோடு சுரண்டித் தள்ளினேன். சுவரில் நீளமாக ஒரு பள்ளம் விழுந்தது.

மேலிடத்திலும் அக்காவின் எண்ணை ஏற்கவில்லை. உரல் நனைந்தது, மாடக்குழி நனைந்தது என்று கிழவிகள் சொல்வதை வைத்துப் பாலம் கட்ட முடியாது, ஒரு வெள்ளத்தையாவது மழையோடு சேர்த்து அளந்து கொண்டு வாருங்கள் என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா காத்திருந்தார்.

போன ஐப்பசியில் அந்த மழை வந்தது. மூன்று நாளாக விடாத மழை, மலைக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். காலை பத்து மணி இருக்கும். அத்தனை வருசத்துக்குப் பிறகு அக்காவின் நம்பரிலிருந்து போன் வந்தது.

"எதுவும் பேசாத, கேளு. நான் முகட்டுல இருக்கேன். பெரிய டின்னு நெறஞ்சு வழியுது. மண்ணு ஏற்கெனவே ஊறிக் கெடக்கு, இனிமே ஒரு சொட்டுக்கூட உள்ள எறங்காது. தண்ணி அங்க வர ரெண்டு மணி நேரந்தான் இருக்கு. என் கோடு வரைக்கும் வரும்டா. தெருவைக் கெளப்பு."

"நான் சொன்னா எவன் கேப்பான்?"

"சொன்னா கேக்க மாட்டாங்க. அடிச்சுக் கெளப்பு. உனக்குத்தான் அது வருமே."

அந்தக் கொல்லைப்புறத்து விஷயத்தை அவர் எடுத்தது அது ஒரு தடவைதான். அதிலும் சிரிப்பு கேட்டது. நான், "நீ எப்பக்கா எறங்குவ?" என்றேன். "இன்னும் ரெண்டு டின்னு பாக்கி. இதை விட்டா எவ்வளவு மழைக்கு எவ்வளவு வெள்ளம்னு ஒருத்தனும் நம்ப மாட்டான். தண்ணி உச்சிக்கு ஏறுனதும் எங்க நின்னுச்சுன்னு கோடு போட்டு வை, வடிய விட்றாத. வந்து பாக்குறேன். எனக்கும் சேத்துச் சோறு வடி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் எப்படித் தெருவைக் காலி செய்தேன் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற உங்களுக்கே தெரியும். வராதவர்களின் கதவை உதைத்து உடைத்தேன். கட்டிலைப் பிடித்துக்கொண்டவர்களைக் கட்டிலோடு தூக்கி ஜீப்பில் போட்டேன். கல்லெறிந்தவனைச் சட்டையைப் பிடித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் தள்ளினேன். பூசாரி மாமா கருப்பன் பீடத்தைக் கட்டிக்கொண்டு, "அவரை விட்டுட்டு நான் வர மாட்டேன் மாப்ளே, அவர் காலுக்கு மேல தண்ணி ஏறாது" என்றார். தாய்மாமன் என்றும் பார்க்கவில்லை, வாயிலேயே குத்தினேன். முன்பல் ஒன்று என் கையோடு வந்தது. அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

பன்னிரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்தது. தரைப்பாலம் அப்பளமாக நொறுங்கியது. கரையோர வீடுகள் ஒவ்வொன்றாக முட்டி போட்டு விழுந்தன. என் வீட்டில் பாதி போயிற்று, சுரண்டின சுவர் நின்றது. நான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தச் சுவருக்குப் பக்கத்து மாடியில் நின்று பார்த்தேன். தண்ணீர் ஏறி ஏறி, நான் மண்வெட்டியால் போட்ட பள்ளத்துக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. வடிவதற்குள் கைக்கம்பியால் அங்கே ஒரு கோடு கீறினேன். அக்கா வந்தால் இதைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று இருந்தேன். தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

பொழுது சாயும் நேரம் சூப்பர்வைசர் வந்தார். பின்னால் தோட்டத்துப் பெண்கள் ஏலக்காய்ச் சாக்கில் தொட்டில் கட்டி அக்காவைச் சுமந்து வந்தார்கள். அக்கா கடைசி டின்னையும் பார்த்து எழுதிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார். சரிவில் இடப்பக்கம் மேலே இருந்த பாறை பெயர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"கல்லு உருளுற சத்தம் எங்க எல்லாருக்கும் கேட்டது மோனே. ஞான் விளிச்சு, ரெண்டு தரம் உரக்கக் கூப்பிட்டு. சேச்சி கேட்டில்லா. மத்தவங்க எல்லாம் ஒதுங்கிட்டாங்க. சேச்சி மாத்திரம் நேரா நடந்து போயி. அந்தப் பக்கத்துக் காதுல முன்ன வெள்ளத்துத் தண்ணி கேறியதுன்னு சேச்சி பறஞ்சிருக்கு."

நான் தலையை ஆட்டினேன். அன்று அவரிடம் உண்மையை மறைத்துவிட்டேன். அக்காவின் நோட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் சொருகினது, நனையாமல் இருந்தது. கடைசிப் பக்கத்தில் எல்லா டின்களின் அளவும் நேரமும் இருந்தன. வடித்த சோறு அடுப்படியோடு ஓடையில் போயிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பூசாரி மாமா வந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் என் எதிரில் உட்கார்ந்து, "மாப்ளே, உங்கக்கா நோட்டை எடு" என்றார். எடுத்தேன். கருப்பன் இருக்கும் திசையைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். பல் போன வாயில் காற்று வந்தது.

"முங்கிட்டாருப்பா. கருப்பன் தலையோட முங்கிட்டாரு. பிடிச்ச கையும் அருவாளுந்தான் வெளிய நின்னுச்சு. உங்காத்தா போன வெள்ளத்துலயும் முங்குனாரு. அந்தப் பழைய வெள்ளத்துலயும் முங்குனாரு, நான் எளவட்டமா மரத்து மேல இருந்து பாத்தேன். இந்தப் பிள்ளை அன்னைக்கே கேட்டுச்சு, நான் காலுன்னுட்டேன். எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். அந்த நோட்டையும் சுவரில் நான் கீறின கோட்டையும் அக்காவோடு வேலை செய்தவர்கள் வந்து அளந்து எடுத்துப்போனார்கள். அக்காவின் எண்ணை ஏற்றுக்கொண்டார்கள். மூன்று கண் பாலத்துக்கு இப்போது அடித்தளம் போட்டிருக்கிறார்கள். கருப்பனும் மேட்டுக்கு வந்துவிட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வழுக்குகிற சரிவில் அக்காவை ஒரு முறைகூடக் கீழே வைக்காமல் சுமந்து வந்த தோட்டத்துப் பெண்களுக்கு, நான் பிறந்த வயிற்றோடு சேர்த்துக் கும்பிடு போடுகிறேன். மழையில் டின்களைக் காத்த சூப்பர்வைசருக்கு நன்றி. சாரே, உங்களிடம் அன்று மறைத்ததற்கு மன்னியுங்கள். அக்காவின் நெற்றியைப் பிளந்தவர்களே, நீங்களும் உங்கள் வீட்டு மாடக்குழி நனைந்ததை ஒளிக்காமல் சொன்னீர்கள், அதற்கு நன்றி. பூசாரி மாமா, உங்கள் பல்லுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாளைக்கே இன்னொரு வெள்ளம் வந்தாலும் உங்களை அப்படித்தான் தூக்குவேன். டேப்போடு யாராவது நம் வீட்டுக்கு வந்து, தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டால், பார்த்ததைச் சொல்லுங்கள். கருப்பன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

காலைத்தான் கழுவியது என்று கருப்பனுக்காகத் தெரு சொன்னது. தண்ணீர்தான் புகுந்தது என்று எனக்காக அக்கா சொன்னார். முதலாவதைப் பூசாரி மாமா திருத்திவிட்டார். மற்றதைத் திருத்த என்னை விட்டால் ஆள் இல்லை. அச்சக்காரத் தம்பி, படத்துக்குக் கீழே இதைப் போடுங்கள், ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம்:

எங்கள் அக்கா, வெள்ளத்துக்கான மழையை அளந்துவிட்டு இறங்கும்போது, இடப்பக்கமிருந்து உருண்டு வந்த பாறையின் சத்தம் கேட்காமல் செத்துப்போனார். அந்தப் பக்கத்துக் காதை அறைந்து செவிடாக்கியவன், தம்பி.